மெல்லிய குட்டை முடி: உலர்த்திய சிறிது நேரத்தில் உச்சி படிந்துவிடுகிறது, ஓரங்கள் வெவ்வேறு பக்கம் திரும்புகின்றன

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தலையில் முடி அடர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் இழையும் மிக மெல்லியது. அண்மையில் காதின் கீழ்நுனியைச் சற்றே தாண்டும் அளவுக்குக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். வெட்டிய இடத்திலேயே உலர்த்தி அனுப்பியபோது உச்சியில் நல்ல உயரமும், இரு ஓரங்களிலும் உள்நோக்கிய வளைவும் இருந்தன. வீட்டில் அந்த வடிவம் வருவதில்லை.

தலைக்குக் குளித்ததும் துண்டால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, ஹேர் டிரையரை அதிகச் சூட்டில் வைத்து, ரவுண்ட் பிரஷ்ஷைக் கொண்டு நெற்றி முடியில் தொடங்கி, ஓரங்களுக்கும் பிறகு உச்சிக்கும் பிடரிக்கும் போகிறேன். முடித்த கையோடு கண்ணாடியில் பார்த்தால் ஓரளவு நன்றாக இருக்கிறது. வெளியே கிளம்புவதற்குள் உச்சி முடி தலையோடு ஒட்டிவிடுகிறது. வலப்பக்க ஓரம் உள்ளேயும் இடப்பக்க ஓரம் வெளியேயும் திரும்பிக்கொள்கிறது. பிடரியில் பிரஷ் சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது. உலர்த்தும் முன் சீரமும் கிரீமும் பூசுகிறேன், முடித்த பிறகு ஸ்பிரே அடிக்கிறேன். சூடு போதவில்லையா, பூசும் பொருள் பொருந்தவில்லையா, அல்லது மெல்லிய முடிக்கு இந்த வடிவம் நிற்கவே நிற்காதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம் சகோதரி. முடி அலங்காரத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். மெல்லிய முடிக்கும் இந்த வடிவம் நிற்கும். உங்கள் சூடு போதுமானது. சொல்லப்போனால் தேவைக்கு அதிகம். எந்தப் பகுதியை எந்த ஈரநிலையில் கையாளுகிறீர்கள் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருப்பவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்புகள் வலுக் குறைந்தவை. தண்ணீர் பட்டதும் அவை அவிழ்கின்றன. முடி எந்த நிலையில் இருக்கும்போது ஈரம் நீங்குகிறதோ, அந்த நிலையிலேயே மீண்டும் கட்டிக்கொள்கின்றன. டிரையரால் நாம் பெறும் வடிவம் முழுவதும் இந்தப் பிணைப்புகளை நம்பியே நிற்கிறது. சற்று ஈரமுள்ள துணியில்தான் இஸ்திரிப் பெட்டி மடிப்பை நன்றாகப் பதிக்கும் என்பதைப் போல, முடியிலும் கடைசி ஈரம் போகும் அந்தச் சிறு பொழுதில்தான் வளைவு பதிகிறது. சொட்டச் சொட்ட நனைந்த முடியை பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டிருப்பதால் கை வலிப்பதைத் தவிரப் பெரிய பயன் இல்லை. முற்றிலும் உலர்ந்துவிட்ட முடியைச் சுற்றினாலும் வளைவு நெடுநேரம் நிற்காது.

இப்போது உங்கள் வரிசையைப் பாருங்கள். மெல்லிய இழை விரைவில் உலர்ந்துவிடும். நீங்கள் நெற்றியிலும் ஓரங்களிலும் பிரஷ்ஷோடு இருக்கும் நேரத்தில், யாரும் தொடாத உச்சி முடியின் வேர், தலையோடு படிந்த நிலையிலேயே தானாக உலர்ந்து முடிகிறது. அதன்பின் அங்கே பிரஷ்ஷைக் கொண்டுபோனால் நுனி வளையுமே தவிர வேர் எழும்பாது. உயரம் என்பது வேரை ஒட்டிய முதல் இரண்டு சென்டிமீட்டரில் தீர்மானிக்கப்படுவது.

ஆகவே துண்டால் தேய்ப்பதை விட்டுவிட்டு, மெல்ல அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். நனைந்த முடி ஊதிப் பருத்து இளகியிருக்கும். அந்த நிலையில் தேய்த்தால் இழையைப் போர்த்தியிருக்கும் மேற்செதில்கள் கிளம்பும். பிறகு பிரஷ்ஷைத் தொடாமல், நடுத்தரச் சூட்டில், விரல்களால் மட்டும் வேரை உலர்த்துங்கள். முதலில் நெற்றி முடியை இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிச் சமப்படுத்திவிட்டு உடனே உச்சிக்குப் போங்கள். உச்சி முடி இயல்பாகச் சாயும் திசைக்கு எதிர்த்திசையில் விரல்களால் தூக்கிக் காற்று அடியுங்கள். வலப்பக்கம் சாய்வதை இடப்பக்கமாகவும், பின்னால் போவதை முன்னாலும். தலை முழுவதும் ஏறத்தாழ எண்பது விழுக்காடு உலர்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் நிலையில்தான் பிரஷ்ஷைக் கையில் எடுக்க வேண்டும். உச்சியில் ஒரு கற்றையைச் செங்குத்தாக, முடிந்தால் சற்று முன்னோக்கிச் சாய்த்துத் தூக்கி, வேருக்கு அடியில் பிரஷ்ஷை வைத்து உலர்த்துங்கள்.

அடுத்தது பலரும் தவறவிடுவது. உலர்ந்த கற்றை சூடாக இருக்கும்போதே பிரஷ்ஷை உருவிவிட்டால், வளைவு உறுதிப்படும் முன்பே முடி தன் எடையால் தளர்ந்துவிடும். கற்றை பிரஷ்ஷில் இருக்கும்போதே டிரையரின் குளிர்காற்றுப் பொத்தானை அழுத்தி, கையில் தொட்டால் சூடு தெரியாத வரை பிடித்திருங்கள். குளிர்காற்று இல்லாத டிரையராக இருந்தால், உச்சியில் மட்டும் வெல்க்ரோ ரோலர்களை (கிளிப் இல்லாமலே முடியைப் பற்றிக்கொள்ளும் உருளைகள்) சுற்றி, நீங்கள் உடை மாற்றி முடிக்கும்வரை விட்டுவைக்கலாம். நான் உச்சிக்கு ரோலரையே அதிகம் விரும்புகிறேன். அது இரண்டு கைகளுக்கும் ஓய்வு தருகிறது.

சீரமும் கிரீமும் உங்கள் முடிக்கு வேண்டாம். அவை எண்ணெய்த்தன்மையாலோ சிலிக்கோனாலோ இழையின்மேல் படலமாகப் படிந்து எடையைக் கூட்டுகின்றன. அவற்றுக்குப் பதிலாக, நுரையாக வரும் மூஸ் உள்ளங்கைக் குழியில் அடங்கும் அளவு எடுத்து, ஈரமான வேர்ப்பகுதியில் பூசுங்கள். கண்டிஷனரையும் நுனிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

என் கருத்து வேறு. மெல்லிய முடிக்கு டிரையரே ஆகாது. இயல்பாகக் காயவிடுவதுதான் பாதுகாப்பு. சூடு முடியைப் பொசுக்கிவிடும்.

மூன்றாம் பதில்

மேலே உள்ள கருத்தில் பாதி சரி. அதிகச் சூடு கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. நனைந்த முடியில் மிகுந்த சூடு பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி விரிந்து, இழைக்குள் குமிழிகளை உண்டாக்கும்; அந்த இடத்தில் முடி எளிதில் ஒடியும். ஆனால் இயல்பாக உலர்வதால் கேடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2011-இல் கொரிய ஆய்வாளர்கள் முடிக்கற்றைகளைப் பலமுறை நனைத்து உலர்த்தி ஒப்பிட்டனர். டிரையரை 15 செ.மீ. தொலைவில் பிடித்தபோது முடியில் வெப்பம் 47 டிகிரி செல்சியஸ், 10 செ.மீ. தொலைவில் 61 டிகிரி, 5 செ.மீ. தொலைவில் 95 டிகிரி. சூடு ஏற ஏற மேற்செதில்களின் சேதம் கூடியது. அதே வேளையில், செல்களை ஒட்டவைத்திருக்கும் உட்படலத்தின் சேதம், இயல்பாக உலர்ந்த கற்றைகளில் மட்டுமே காணப்பட்டது. டிரையரை 15 செ.மீ. தொலைவில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்துவது, இயல்பாக உலரவிடுவதைவிடக் குறைந்த சேதம் தருகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

எனவே கேட்டவர் அதிகச் சூட்டைக் கைவிட்டு, ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவான தொலைவைக் கடைப்பிடித்தால் அச்சப்பட வேண்டியதில்லை. சூட்டைக் குறைத்துக் காற்றின் வேகத்தைக் கூட்டுவது மெல்லிய முடிக்கு நல்லது என்றாலும், பிரஷ் வேலையின்போது வேகத்தையும் நடுத்தரத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லையேல் குட்டை முடி பிரஷ்ஷிலிருந்து பறந்துவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. உச்சி தட்டையாவதன் காரணம் இப்போது விளங்குகிறது. ஓரங்கள் வெவ்வேறு பக்கம் திரும்புவதும், பிடரியில் பிரஷ் சிக்குவதும் மட்டும் இன்னும் விளங்கவில்லை. என் பிரஷ் 40 மி.மீ. விட்டமுள்ளது. பக்கத்து முடி சுமார் 10 செ.மீ. நீளம், பிடரியில் 5 செ.மீ. இருக்கலாம்.

முதல் பதில் எழுதியவர்

அளவைச் சொன்னது நல்லதாயிற்று; விடை அதிலேயே இருக்கிறது. 40 மி.மீ. விட்டமுள்ள பிரஷ்ஷின் சுற்றளவு ஏறக்குறைய 12.6 செ.மீ. உங்கள் பக்கத்து முடி 10 செ.மீ. என்றால் அது ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. நுனி எங்கோ பாதியில் நின்றுவிடும். 25 மி.மீ. பிரஷ்ஷின் சுற்றளவு சுமார் 7.9 செ.மீ.; அதில் ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேலும் கிடைக்கும், வளைவு நுனி வரை பதியும். கடையில் பிரஷ் வாங்கும்போது முடியின் நீளத்தோடு அதன் சுற்றளவை ஒப்பிட்டுப் பார்ப்பதே போதும்.

பிடரியில் ரவுண்ட் பிரஷ் வேண்டவே வேண்டாம். ஐந்து சென்டிமீட்டர் முடியை அதில் சுற்ற முயல்வதால் இழைகள் பற்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகப் புகுந்துகொள்கின்றன. அங்கே தட்டையான பிரஷ்ஷோ விரல்களோ போதும். டிரையரின் வாயில் குறுகிய மூக்குக்குழலைப் பொருத்தி, காற்று மேலிருந்து கீழாக, வேரிலிருந்து நுனி நோக்கிச் செல்லும்படி பிடித்தால் பிடரி முடி அடங்கிப் படியும். மற்ற இடங்களிலும் பிரஷ்ஷின் அகலத்தைவிட அகலமான கற்றையை எடுக்காதீர்கள். விடுவிக்கும்போது இழுக்காமல், சுற்றிய திசைக்கு எதிராக மெல்லச் சுழற்றி எடுங்கள்.

ஓரங்களைப் பொறுத்தவரை, உச்சிச் சுழியிலிருந்து முடி ஒரே திசையில் சுழன்று வளர்வதால், ஒரு பக்கம் இயல்பாகவே உள்ளே வளையும், மறுபக்கம் வெளியே தள்ளும். அத்துடன், வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடப்பக்கத்துக்கு வரும்போது மணிக்கட்டு திரும்பி, காற்று கீழிருந்து மேலாக அடிக்கத் தொடங்கிவிடும். இடப்பக்கத்துக்கு பிரஷ்ஷை இடக்கையிலும் டிரையரை வலக்கையிலும், வலப்பக்கத்துக்கு நேர்மாறாகவும் மாற்றிப் பிடித்துப் பழகுங்கள். முதலில் கை தடுமாறும். டிரையரை ஓட்டாமல், உலர்ந்த முடியில் பிரஷ்ஷை மட்டும் சுழற்றிப் பார்த்தால் விரைவில் கை பழகிவிடும். அடம்பிடிக்கும் பக்கத்தைச் சற்று அதிக ஈரத்துடன் இருக்கும்போதே முதலில் எடுங்கள்.

கேட்டவர்

சொன்னபடியே செய்து வருகிறேன். சிறிய பிரஷ்ஷுக்கு மாறியதும் இரு ஓரங்களும் உள்ளே வளைகின்றன. இடப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் தளர்வு. உச்சி மாலை வரை நிற்கிறது. சீரத்தை நிறுத்தியது பெரிய மாற்றம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் மட்டும் உயரம் குறைகிறது. இன்னொன்று: நெற்றியில் வகிட்டுக்கு அருகே ஒரு சுழி இருக்கிறது, அங்கே முடி பிளந்து நிற்கிறது. எவ்வளவு உலர்த்தினாலும் அடங்குவதில்லை.

மூன்றாம் பதில் எழுதியவர்

ஈரப்பதம் மிகுந்த நாளில் தளர்வது இயல்பு. காற்றிலுள்ள நீரே முதல் பதிலில் சொன்ன ஹைட்ரஜன் பிணைப்புகளை மெல்ல அவிழ்த்துவிடுகிறது. அத்தகைய நாள்களில் உலர்த்தி முடித்து, முடி முற்றிலும் ஆறிய பிறகு, ஸ்பிரேயை மேலாக அடிக்காமல் உச்சிக் கற்றைகளைத் தூக்கி அடிவேரில் சிறிதளவு அடியுங்கள். டிரையரின் பின்புற வலையையும் அவ்வப்போது துடையுங்கள். அங்கே தூசி அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து, வெளிவரும் சூடு ஏறிவிடும்.

முதல் பதில் எழுதியவர்

நெற்றிச் சுழி உலர்ந்துவிட்டால் அதன்பின் எதற்கும் கட்டுப்படாது. குளித்து வந்ததும் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைக் கையாளுங்கள். சிறிது நேரம் கழிந்து காய்ந்திருந்தாலும் வேர்வரை மீண்டும் நனைத்துக்கொள்ளுங்கள். மூக்குக்குழலைப் பொருத்தி, நடுத்தரச் சூட்டில், தட்டையான பிரஷ்ஷால் அந்த முடியை நெற்றியோடு ஒட்டி முதலில் முழுக்க இடப்பக்கம், பிறகு முழுக்க வலப்பக்கம் என மாறி மாறித் தள்ளிக்கொண்டே காற்றடியுங்கள். வேர் எந்தப் பக்கமும் சாயாத நிலைக்கு வந்ததும் குளிர்காற்றால் முடியுங்கள். வகிட்டைச் சுழியின்மேல் வைக்காமல் ஒரு விரலளவு தள்ளி வைப்பதும் உதவும். அடுத்த முறை வெட்டும்போது, அந்த இடத்தில் மட்டும் முடியைச் சற்று நீளமாக விடும்படி கேளுங்கள். குட்டையாக வெட்டப்பட்ட சுழி முடிக்கு அதைக் கீழே இறக்கும் எடை இருக்காது.