மறுமொழி: எம்.பி.க்கு எழுதி என்ன கண்டோம்?

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

"பாராளுமன்றத்தில் ஒருவர் எழும்பிக் கேள்வி கேட்டால் உங்கள் கட்டடம் திருந்திவிடுமோ?" என்று, எங்கள் கட்டடத்தின் தீ ஆபத்தைப் பற்றி எம்.பி.க்கு எழுதியதை வைத்து, நம் குழுவின் ரொறன்ரோ அண்ணை போன கிழமை கேட்டிருந்தார். நக்கலாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் நல்ல கேள்வி. லண்டனில் இருக்கும் நம்மவர் பலர் தொடர்மாடிகளில் இருப்பதால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் கட்டடம் ஏழு மாடி. வெளிச்சுவரில் போர்த்தியிருக்கும் கிளாடிங் எரியக்கூடியது என்று ஒரு நாள் கடிதம் வந்தது. அன்றிலிருந்து இரவு முழுக்க இரண்டு காவலர்கள் மாடி மாடியாக ஏறி இறங்கி, எங்காவது புகை மணக்கிறதா என்று பார்த்தார்கள். இங்கே அதை 'வேக்கிங் வாட்ச்' என்பார்கள். நாங்கள் நித்திரை கொள்ள அவர்கள் முழித்திருக்க வேண்டும், அந்தச் சம்பளம் எங்கள் பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வெளிச்சுவரைச் சோதித்துத் தரும் ஈ.டபிள்யூ.எஸ்.1 படிவம் இல்லாமல் வாங்க வருபவருக்கு அப்போது பெரும்பாலான வங்கிகள் கடன் கொடுக்கவில்லை.

அப்போதுதான் எம்.பி.க்கு எழுதினோம். எட்டுப் பக்கம்! கிளாடிங், லிப்ட், குப்பை, கார் நிறுத்துமிடம், மேல்மாடிக்காரரின் நாய் வரை அதில் இருந்தது. எம்.பி. நல்ல மனுசி. எங்கள் கடிதத்தில் இருந்து ஒரு வரியை எடுத்து, ஆபத்தான கிளாடிங்கை அகற்ற அரசு என்ன செய்கிறது என்று பாராளுமன்றத்தில் எழுத்துமூலக் கேள்வி போட்டார். குடியிருப்போர் பாதுகாப்பே முதன்மை, வேலை வேகமாக நடக்கிறது என்று பதில் வந்தது. கேள்வி மொட்டை, பதிலும் மொட்டை. அதில் அமைச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகுதான் இந்தக் கேள்விகள் எப்படி இயங்குகின்றன என்று இருந்து படித்தேன். ஒவ்வொரு அமைச்சும் ஏறக்குறைய ஐந்து கிழமைக்கு ஒரு முறை சபையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வரும். யாருக்கு முறை கிடைக்கும் என்பது குலுக்கலில் முடிவாகும். முறை கிடைத்தவர் பதிலைக் கேட்டபின் ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். அந்தத் துணைக் கேள்வியை அமைச்சருக்கு முன்கூட்டியே கொடுக்கத் தேவையில்லை. தொலைக்காட்சியில் நாங்கள் பார்க்கும் சூடெல்லாம் அதில் பிறப்பதுதான். ஆனால் விசயம் கறக்க உதவுவது எழுத்துமூலக் கேள்வி. அதிலும் பதில் வரவேண்டிய நாளைக் குறித்துக் கேட்கும் ஒரு வகை உண்டு, ஒரு எம்.பி. நாளொன்றுக்கு அதில் ஐந்து வரை போடலாம். பதில் தேட 850 பவுணுக்கு மேல் செலவாகும் என்று பட்டால் அமைச்சு மறுத்துவிடலாம். ஆகவே "நாடு முழுக்க எத்தனை, எப்போது, ஏன்" என்று அகலமாகக் கேட்பது, மறுக்கச் சொல்லி நாங்களே வழி காட்டுவது போல.

இரண்டாம் முறை அரைப் பக்கம்தான் எழுதினோம். கிளாடிங்கை மாற்ற அரசு கொடுக்கும் திருத்த நிதிக்கு விண்ணப்பித்த திகதி, கடைசியாகப் பதில் வந்த திகதி, இடையில் போன மாதங்கள். கேள்வியும் அதற்கேற்றபடி ஒடுங்கியது: விண்ணப்பித்து 12 மாதத்துக்கு மேல் காத்திருக்கும் கட்டடங்கள் எத்தனை? இந்த முறை ஒரு எண் வந்தது. அந்தப் பதிலை இணைத்து எம்.பி. கட்டட உரிமையாளருக்கு ஒரு கடிதம் போட்டார். எட்டு மாதத்தில் சாரம் கட்டினார்கள். கேள்வியால்தான் சாரம் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்தப் பதில் பாராளுமன்றத் தளத்தில் எல்லாரும் பார்க்கக் கிடக்கிறது, அதை இனி யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, இனி அண்ணையின் நக்கலுக்கு வருகிறேன். அவர் பக்கத்திலும் கனக்க நியாயம் இருக்கிறது.

2009 யூலை 3ஆம் திகதி தெற்கு லண்டன் கம்பர்வெல்லில் லகனல் ஹவுஸ் என்ற 14 மாடிக் கட்டடம் எரிந்தது. ஆறு பேர் செத்தார்கள், அதில் மூன்று பேர் பிள்ளைகள். ஒன்று பிறந்து சில கிழமைகூட ஆகாத கைக்குழந்தை. 2013இல் மரண விசாரணையை முடித்த அதிகாரி, கட்டடத் தீப் பாதுகாப்பு விதிகளின் வழிகாட்டி நூலைத் திருத்துங்கள், உயர்ந்த கட்டடங்களில் தண்ணீர் தெளிப்பான் பூட்டுவதை ஊக்குவியுங்கள் என்று அமைச்சருக்கு எழுதினார். அப்புறம் தீப் பாதுகாப்புக்கான அனைத்துக் கட்சி எம்.பி.க்கள் குழு அதைக் கையில் எடுத்தது. தலைவர் டேவிட் அமெஸ், ஆளுங்கட்சிக்காரர். தன் கட்சி அரசுக்கே திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். 2014இல் ஒரு இளநிலை அமைச்சர் இதில் அவசரம் இருப்பதாகத் தான் எதையும் காணவுமில்லை, கேள்விப்படவுமில்லை என்ற கருத்தில் பதில் அனுப்பினார். மூன்று ஆண்டு போனது. 2017 யூன் 14 விடியற்புறம் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 24 மாடி, 72 உயிர்.

அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பெரிய அழிவு வந்தால்தான் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தீ வருவதற்கு முந்தின ஆண்டே இணையத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 2024 செப்ரெம்பரில் விசாரணையின் இறுதி அறிக்கையை வெளியிட்ட அதன் தலைவர், ஒரு முன்னாள் நீதிபதி, எல்லா இறப்பும் தவிர்த்திருக்கக்கூடியவை என்றார். 2016 அளவிலேயே பொறுப்பான அரசுத் துறைக்கு ஆபத்து நன்றாகத் தெரிந்திருந்தும் செயற்படவில்லை என்று அறிக்கை எழுதியது.

ஆக அண்ணை, கேள்வி கேட்டால் போதாது என்பது உண்மை. ஆனால் "நன்றாகத் தெரிந்திருந்தது" என்று பிற்காலத்தில் ஒரு நீதிபதி எழுதுவதற்குக் கையில் தாள் வேண்டும். டேவிட் அமெஸ் எழுதிய கடிதங்களும் அந்தத் தாள்களில் சேர்ந்தவை. அவர் 2021இல் தன் தொகுதி மக்களைச் சந்திக்கும் நாளில் குத்திக் கொல்லப்பட்டார். 'சேர்ஜரி' என்று நாங்கள் வரிசையில் போய் இருக்கிறோமே, அதே போன்ற ஒன்றில். அதை நினைக்காமல் என்னால் அந்த வரிசையில் இருக்க முடிவதில்லை.

கிரென்ஃபெலுக்குப் பிறகு மாற்றம் இல்லாமலும் இல்லை. 18 மீற்றருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளில் எரியும் கிளாடிங்குக்கு 2018 இறுதியில் தடை வந்தது. 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டம் திருத்தச் செலவைக் குடியிருப்போர் தலையில் கட்டுவதைப் பெருமளவு தடுத்தது. ஆனால் வேகம் ஆமை வேகம். 2024 நவம்பரில் தேசிய கணக்காய்வு அலுவலகம் சொன்ன கணக்கு: ஆபத்தான கிளாடிங் உள்ள 11 மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்கள் 9,000 முதல் 12,000 வரை இருக்கலாம், அவற்றில் 60 விழுக்காடு வரை இன்னும் அடையாளமே காணப்படவில்லை. உங்கள் கட்டடம் அந்த 60க்குள் இருந்தால்? ஒரு எம்.பி.யைக் கொண்டு கேட்பிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

பூஞ்சணம் பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். ரொச்டேலில் இரண்டு வயது அவாப் இசாக் பூஞ்சணக் காற்றால் 2020இல் செத்த பிறகு அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தில் சமூக வீடுகளில் (கவுன்சிலோ வீட்டுச் சங்கமோ வாடகைக்குக் கொடுப்பவை) அவசர ஆபத்தை 24 மணி நேரத்தில் கவனிக்க வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். இதற்கு எம்.பி. தேவையில்லை. முறைப்பாடு செய்த திகதியை எழுதி வையுங்கள், அது போதும்.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். 2023 மார்ச்சில் ஷாட்வெலில் ஒரு பிளாட் எரிந்து ஒருவர் செத்தார். ஈ-பைக் பற்றரியில் தொடங்கிய தீ, உள்ளே அளவுக்கு மிஞ்சிய ஆட்கள். இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டில் இருந்து குசினியையும் குளியலறையையும் பகிர்ந்தால் கவுன்சில் உரிமம் வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அறை கொடுக்கும் நம்மவர் எத்தனை பேர் அதை எடுத்திருக்கிறோம்? "ஊர்ப் பிள்ளை, உதவிக்குத்தான்" என்று சொல்லிக் கிழமைக் காசு வாங்குகிறோம். புகை மணி பூட்டியிருக்கிறோமா? அரசைக் கேட்கப் போகும்போது இதையும் யாராவது எங்களிடம் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. "உமா குமரனுக்கு எல்லாரும் எழுதுவோம்" என்று சிலர் சொல்கிறீர்கள். 2024இல் ஸ்ராட்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியில் நம் பிள்ளை ஒருத்தி வென்றது எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு எம்.பி. தன் தொகுதிக்காரரின் முறைப்பாட்டைத்தான் எடுப்பார், அது இங்கே வழக்கம். ஹரோவில் இருப்பவர் அவருக்கு எழுதினால் உங்கள் எம்.பி.யிடம் போங்கள் என்றுதான் பதில் வரும். உங்கள் தபால் குறியீட்டைப் பாராளுமன்றத் தளத்தில் போட்டால் யார் என்று காட்டும். கடிதத்தில் முழு விலாசம் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் தொகுதிக்காரரா இல்லையா என்று கேட்டே இரண்டு கிழமை போய்விடும்.

லண்டனில் தொடர்மாடியில் இருப்பவர்கள் கட்டடத்தின் உயரம், கட்டிய ஆண்டு, கிளாடிங் பற்றிக் கடைசியாக வந்த கடிதத்தின் திகதி, இந்த மூன்றையும் ஞாயிறுக்குள் எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். தொகுதி வாரியாகப் பிரித்து, ஆளுக்கு அரைப் பக்கத்தில் கடிதம் எழுதித் தருகிறேன். நாயைப் பற்றிய முறைப்பாடுகளை இந்த முறை சேர்க்க மாட்டேன்.

அன்புடன்,
கிழக்கு லண்டனில் இருந்து உங்கள் தம்பி