இலையின் கணக்கு ஒன்று, வேரின் கணக்கு வேறு

உவர்மலையிலிருந்து:

இலையையும் வேரையும் கட்டத் தாவரம் செய்யும் செலவைப் பற்றிச் சொல்ல, திருகோணமலையில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்குச் செய்முறைப் பாடம் நடத்திய காலத்தில் நானே விட்ட பிழையொன்றிலிருந்து தொடங்குகிறேன். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் வழியிலுள்ள பற்றைக்காட்டிலிருந்து பாலையிலையும், பாடசாலை மதிலோரத்திலிருந்து முருங்கையிலையும், நிலாவெளிக் கடற்கரையிலிருந்து அடம்பன் இலையும் கொண்டுவரச் செய்து, கோப்புத் தாள்களுக்குத் துளையிடும் கருவியால் ஒவ்வொன்றிலும் இருபது வட்டத் துண்டுகளை வெட்டி ஆய்வுகூடத் தராசில் நிறுத்தோம். பரப்பு ஒன்றேயாகையால், எடையில் காணும் வித்தியாசம் அந்த இலையைக் கட்டுவதற்குத் தாவரம் செய்த செலவைக் காட்டிவிடும் என்று நினைத்தேன். அடம்பன் முதலிடத்தில் நின்றது. தடித்த இலையே செலவு மிக்க இலை என்று கரும்பலகையில் எழுதியும் விட்டேன்.

பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி துண்டொன்றை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சேர், இது முழுக்கத் தண்ணீர்" என்றாள். துண்டுகளைப் பத்திரிகைத் தாளில் பரப்பி, கச்சான் காற்று வீசும் வெயிலில் நான்கு நாள் காயவைத்து மறுபடியும் நிறுத்தபோது அடம்பன் பாலைக்குக் கீழே இறங்கிவிட்டது. காய்ந்த பாலைத் துண்டை மடித்தால் ஓடு போல முறிந்தது. முருங்கைத் துண்டோ தொட்ட விரலில் பச்சைத் தூளாக ஒட்டிக்கொண்டது. ஆராய்ச்சியாளர்கள் இலைப் பரப்பை உலர் எடையோடு மட்டுமே ஒப்பிடுவதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

முருங்கை மலிவாக இலை கட்டுகிறது. மெல்லிய அந்த இலையில் நைதரசன் மிகுதி. ஒளித்தொகுப்பும் விரைவாக நடப்பதால், போட்ட முதல் சீக்கிரம் திரும்பி வருகிறது. ஆனால் நீர் குறைந்தவுடன் அது பழுத்து உதிர்கிறது. நமக்குச் சத்தான கீரை மயிர்க்கொட்டிக்கும் சத்தானதே என்பதை முருங்கை வைத்திருக்கும் எந்த வீட்டாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. பாலை இதற்கு நேர்மாறானது. மாரி ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும் நம் மண்ணில், அது நார் மிகுந்த தோல் போன்ற இலையைப் பெருஞ்செலவில் கட்டி, அந்த இலையை நீண்ட காலம் உழைக்க வைத்து, செலவைச் சிறுகச் சிறுக ஈடுசெய்கிறது. விரைவும் நீடித்த உழைப்பும் ஓரிலையில் சேர்ந்து அமைவது அரிது. 2004இல் சூழலியலாளர் இயன் ரைட் முதலானோர் 175 இடங்களிலிருந்து 2,548 தாவர இனங்களின் தரவுகளைத் திரட்டி, உலகெங்கும் இலைகள், விரைவு ஒரு முனையிலும் நீடித்த உழைப்பு மறுமுனையிலுமாக, இந்த ஒரே கோட்டின் வழியே வரிசைப்படுவதைக் காட்டினார்கள். அத்தரவுகளில் இலையின் ஆயுள் ஒரு மாதத்துக்கும் குறைவிலிருந்து 24 ஆண்டுகள் வரை விரிந்திருந்தது.

வேரும் இதே கோட்டில்தான் நிற்கும் என்று, அதாவது மெல்லிய வேர் மலிவானதும் விரைவானதும், தடித்த வேர் செலவானதும் நிதானமானதும் என்று, பல ஆண்டுகள் நான் கற்பித்து வந்தேன். நிலாவெளியில் ஒரு தோட்டத்து வெங்காயத்தைப் பிடுங்கி மணலை உதறிப் பார்க்கும் வரைக்கும் எனக்கு அதில் ஐயம் எழுந்ததில்லை. ஒரு போகத்திலேயே முடியும் விரைவான பயிராயிருந்தும் அதன் வேர்கள் தடித்த வெள்ளை நூல் போல, கிளையும் வேர்மயிரும் அரிதாக இருந்தன. அருகிலிருந்த அறுகின் வேரோ மயிரிழையாகப் பின்னிக் கிடந்தது.

நிலாவெளியிலிருந்து:

சேர், அந்த வெங்காயத்துக்கான விளக்கம் என் நாற்றுமேடையிலேயே கிடைத்தது என்று நினைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் தேசிக் கன்றுகளுக்கு அழுகல் நோய் வராமலிருக்கட்டும் என்று, மேடை மண் முழுவதையும் தகரத்தில் கொட்டி வறுத்து, ஆறவிட்டு, அதில் விதை போட்டேன். நோய் வரவில்லை, வளர்ச்சியும் வரவில்லை. இரண்டு மாதமாகியும் கன்றுகள் விரலளவுக்கு மேல் எழும்பாமல், வெளிறிய சிறு இலைகளோடு அப்படியே நின்றன. உரம் கரைத்து ஊற்றியும் பெரிதாகத் தேறவில்லை. எங்கள் அப்பு பார்த்துவிட்டு, கிணற்றடியில் நிற்கும் பழைய தேசிமரத்தின் அடிமண்ணில் கன்றுக்கொரு பிடி போடச் சொன்னார். போட்ட கன்றுகள் சில வாரங்களில் கொழுந்து விட்டன. விட்டுப்போன ஒரு வரிசை கடைசிவரை குட்டையாகவே இருந்தது.

வறுத்ததில் நோய்க் கிருமியோடு சேர்ந்து, வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பங்கசுகளும் செத்துப்போயிருக்கின்றன. பொசுபரசு மண்ணில் மிக மெதுவாகவே நகர்வதால், வேரைச் சுற்றியுள்ள சில மில்லிமீற்றரில் அது தீர்ந்தவுடன் தாவரம் புதிய மண்ணைத் தேடியாக வேண்டும். அறுகு மெல்லிய வேரை நீட்டித் தானே தேடுகிறது. வெங்காயமும் தேசியும் தடித்த வேருக்குள் பங்கசுக்கு இடம் கொடுத்து, இலை தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்து, அதன் இழைகளைத் தேட விடுகின்றன. ஆகவே வேரின் தடிப்பை மட்டும் கொண்டு அத்தாவரம் விரைவானதா நிதானமானதா என்று சொல்ல முடியாது. 2020இல் வெளியான ஓர் ஆய்வும் வேர்களுக்கு ஒரு கோடு போதாது, இரண்டு வேண்டும் என்றே காட்டியது: ஒன்று இலையைப் போல விரைவா, நிதானமா என்பது; மற்றது தானே தேடுவதா, கூலிக்குத் தேடுவிப்பதா என்பது.

தம்பலகாமத்திலிருந்து:

நான் பாடம் படித்தவனல்லன், கண்டதைச் சொல்கிறேன். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு யூரியா கிடைக்காமற்போனபோது, எங்கள் வளவில் முதலில் மஞ்சளானது முளைக்கீரை, அடுத்தது வயல். வேலியோரத்துத் தேசிமரம் அந்த ஆண்டு முழுவதும் எதையும் வெளிக்காட்டவில்லை.

உவர்மலையிலிருந்து:

நன்றி. நீங்கள் சொன்ன கீரை, நான் முருங்கையில் கண்ட விரைவுக் கணக்கின் மறுபக்கம்: வரவு நின்ற மாதத்திலேயே கடை பூட்டப்படுகிறது. முளைக்கீரைக் குடும்பம் பெரும்பாலும் மைக்கோரைசா வைத்துக்கொள்வதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கையாக: நீங்களும் இந்தச் செய்முறைக்கு இலை பறிக்கும்போது நிழல்கொப்பையும் வெயில்கொப்பையும் கலந்துவிடாதீர்கள். ஒரே மாமரத்தில் நிழலிலை மெல்லியதாகவும் வெயிலிலை தடித்ததாகவும் இருக்கும். எங்கள் இரண்டாவது செய்முறை அதனால்தான் பாழானது.