பாம்பன் பகுதியில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 40 புத்தகம்: கடல் கதைதான் வேண்டுமா? (புனைபெயரில் நான்கு பேர் பேசிக்கொண்டது)

வாடைக்காற்று:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையும் அதற்குள்ளேதான் வருகிறது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும் மாதம் இதுதான் என்பதால் தெரு வாசிப்புக் கூடம் தொடங்கவும் இதுவே நேரம். 40 புத்தகத்துக்குப் பட்டியல் போட வேண்டும். அதில் 25 புத்தகமாவது கடல், கரை, மீன், படகு பற்றி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வத்தை என்னும் சிறு படகு, நங்கூரம், கரைவலை எல்லாம் பிள்ளைக்குப் பழகிய பொருள்கள். பொருள் தெரிந்த சொல்லைப் பாதி எழுத்துக் கூட்டும்போதே பிடித்துவிடும். தெரியாத பொருளென்றால் முழுச் சொல்லையும் கூட்டி முடித்தாலும் மனதில் ஒன்றும் நிற்காது.

நகரை:
அண்ணே, அந்தப் 'பாதியிலேயே பிடிப்பது'தான் சிக்கல். படத்தில் படகு இருக்கும், கீழே 'தோணி' என்று எழுதியிருக்கும், பிள்ளை 'படகு' என்று வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும். 1, 2 வகுப்புக்கு எழுத்தைப் பார்த்துத்தான் புத்தகம் எடுக்க வேண்டும். பொருள் அதற்கு அடுத்ததுதான். கடையில் புரட்டும்போதே மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, கொம்பும் காலும் சேர்ந்து வரும் கொ, கோ வகை. ஒலி ஒன்று, குறி இரண்டு பக்கமும். ஆரம்ப வாசகர் 'கெ' என்று தொடங்கிப் பின்னால் வரும் காலைத் தனியாக இழுப்பார். ஔகாரம் இன்னும் மோசம். 'மௌனம்' என்பதை 'மெ-ள-னம்' என்று பிரித்தே வாசிப்பார்கள். முதல் படிப் புத்தகத்தில் ஔகாரமே வேண்டாம். இரண்டாவது, சொல்லின் நீளம். 'இழுத்துக்கொண்டிருந்தார்கள்' 14 எழுத்து, 'இழுத்தார்கள்' 7 எழுத்து. கதை ஒன்றுதான், பிள்ளை நின்றுவிடும் இடம் வேறு. மூன்றாவது, ஒரே வாக்கியம் ஒரு சொல் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருகிறதா என்பது. வந்தால் மூன்றாம் பக்கத்திலேயே பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடும்.

பிரதம் புக்ஸ் பதிப்பகத்தார் பின்னட்டையிலேயே படி போட்டிருப்பார்கள்: முதல் படி ஏறக்குறைய 250 சொல்லுக்குள், இரண்டாவது 250 முதல் 600, மூன்றாவது 600 முதல் 1500, நான்காவது அதற்கும் மேல். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களிலும் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி உண்டு. என் கணக்கில் 40க்கு முதல் படி 16, இரண்டாம் படி 14, மீதி 10 மேல்படி.

வாடைக்காற்று:
வகுப்பைப் பார்க்காமல் படியைப் பார்ப்பது சரி, ஒப்புக்கொள்கிறேன் தம்பி. அதற்காகப் படியைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கையில் 'முதல் படி' என்று எழுதிய புத்தகத்தைக் கொடுத்தால் மறுநாள் வர மாட்டான். முகப்பில் படி எண்ணே தெரியாத புத்தகம், அதுவும் கணவாய், சுறா, சூறாவளி பற்றியது என்றால் வயதுக்கேற்ற பொருளும் எளிய எழுத்தும் ஒன்றாகக் கிடைக்கும்.

அழுங்காமை:
இரண்டு பேருமே சந்தையில் கிடைக்கும் கடல் புத்தகங்களை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பாதிக்கு மேல் வேறு யாருடைய கடலோ. வாளியும் மண்வெட்டியும் வைத்து மணல்வீடு கட்டும் கடற்கரை, பனிக்கரடி, பென்குவின். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் அதில் எங்கே?

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: 'கடல்பசு' என்று போட்டிருந்தால் வாலைப் பாருங்கள். நம் கடல்பசுவான ஆவுளியாவுக்கு வால் திமிங்கிலத்துக்குப் போலப் பிளந்திருக்கும். துடுப்பு மாதிரி வட்டமாக இருந்தால் அது அமெரிக்கா, ஆப்பிரிக்கா பக்கத்துக் கடல்பசு, வேறு இனம். கணவாய்க்கு 10 கை, பேய்க்கணவாய்க்கு, அதாவது ஆக்டோபஸுக்கு, 8. பல மொழிபெயர்ப்புகளில் இரண்டையும் 'ஆக்டோபஸ்' என்று போட்டுவிடுகிறார்கள். திமிங்கிலத்தை மீன் என்று எழுதிய புத்தகத்தை வைத்துவிட்டு வாருங்கள். இந்தக் கரைப் பிள்ளை தப்பைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தபின் அந்தப் புத்தகத்தில் உள்ள எதையும் நம்பாது. ஸ்டோரிவீவர் என்னும் இணையக் கதைத் தளத்திலிருந்து அச்செடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம். கதை நன்றாக இருந்தும் தமிழ் கரடுமுரடாக இருப்பது உண்டு. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். நாக்கு தடுக்கினால் விட்டுவிடுங்கள்.

நகரை:
அக்கா சொன்னதையே என் பக்கச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். 25 நல்ல கடல் புத்தகம் தமிழில் தேடினால் தரம் இறங்கத்தான் செய்யும். 8 போதும். மீதியில் காடு, ரயில், மழை, பாட்டி வீடு எல்லாம் வரட்டும். பனிமலையைப் பார்க்காத பிள்ளைக்குப் பனிமலை எதற்கு என்று கேட்டால், புத்தகமே எதற்கு என்று அல்லவா போய் நிற்கும்?

சோழகம்:
இடையில் ஒன்று. ஐந்து விரல் சோதனையை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கி, ஐந்தும் மடங்கினால் கடினம் என்பது சொல் நிறைய உள்ள பக்கத்துக்கான கணக்கு. தமிழ்ப் படக்கதையில் பக்கத்துக்கு 10, 15 சொல்தான். அங்கே இரண்டு விரல் மடங்கினாலே அது 'சேர்ந்து வாசிக்கும்' புத்தகம். தனியாகக் கொடுக்காதீர்கள். அதற்காக விலக்கவும் வேண்டாம். பெரியவர் வாசிக்கப் பிள்ளை கேட்கட்டும்.

நீதிக்கதைத் தொகுப்புகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். பொடி எழுத்து, பக்கம் நிறைய வரி, கடைசியில் ஒரு புத்திமதி. அதற்குப் பதில் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல் புத்தகம் இரண்டு போதும். எதுகை அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும், தடுமாறுகிற பிள்ளையும் கூட்டத்தோடு சேர்ந்து வாசித்துவிடும். துலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகம் நாலைந்து, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு சில என்று கலந்து எடுங்கள். 4, 5 வகுப்புக்கு அரசு வெளியிடும் 'ஊஞ்சல்' இதழின் பழைய பிரதிகளையும் சேர்த்து வையுங்கள்.

அழுங்காமை:
பாடலுக்கு என் ஓட்டு. இன்னொன்று, உப்புக்காற்று. மெல்லிய படக்கதைகள் எல்லாம் ஸ்டேப்ளர் பின் அடித்தவை. இங்கே பின் துருப்பிடித்து, துரு தாளை அரித்து, நடுத்தாள் முதலில் கழன்று வரும். வாங்கிய வாரமே பின்னை எடுத்துவிட்டுத் தைத்துவிடுங்கள். மடிப்பில் தடித்த ஊசியால் மூன்று துளை. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் உள்ளே, கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே வந்து, உள்பக்கம் நீளமாக ஓடும் நூலின் இருபுறமும் இரு முனையை வைத்து முடிச்சு. மெழுகு தேய்த்த பருத்தி நூல்தான் வேண்டும். கையில் இருக்கிறதே என்று தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) போட்டால் தாளை அறுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள்; ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும்.

வாடைக்காற்று:
தையல் குறிப்புக்கு நன்றி அக்கா. சரி, 25 என்பதை 12 ஆக்குகிறேன், 8க்கு இறங்க மாட்டேன். குறைகிற நாலை நாமே செய்வோம். ஏ4 தாள் நாலை மடித்தால் 16 பக்கம். பிள்ளைகள் சொல்லச் சொல்ல, பக்கத்துக்கு ஒரு வரி. ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பங்குனி ஆமை என்று இந்தக் கரைப் பெயரோடு.

நகரை:
அதற்குச் சம்மதம். ஆனால் ஔகாரம் வேண்டாம், வரியில் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். எழுதி முடித்ததும் இங்கேயே போடுங்கள், எழுத்து எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.