ப்ராங்க்ஸில் ஜூலை மாதம்: ஒரு இன்டர்னின் முதல் வாரங்கள்

மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை மேட்ச் முடிவு (எந்த அமெரிக்க மருத்துவமனையில் பயிற்சி இடம் என்ற முடிவு) வந்து, ஜூன் கடைசிக்குள் அமெரிக்காவில் இறங்கப் போகிற ஜூனியர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, போறதுக்கு முன்னாடி என்ன படிச்சுட்டுப் போகணும்?" புதிதாக எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் தேர்வுகளை எழுதி முடித்தவர்களுக்கு மருத்துவம் போதுமான அளவு தெரியும். எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்த மனிதர்கள் சிலரைப் பற்றி எழுதுகிறேன்.

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே ஹவுஸ் சர்ஜன் முடித்தவன். இப்போது நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி, அதாவது பொது மருத்துவத்தில் மேற்பயிற்சி. என்னுடன் சேர்ந்தவர்கள் நேபாளம், பாகிஸ்தான், நைஜீரியா, எகிப்து, டொமினிகன் குடியரசு என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மருத்துவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். ப்ராங்க்ஸ் மாதிரி இடங்களில் அது வார்டுக்குள் நுழைந்தவுடனே தெரியும்.

ஜூலை 1 அன்று வேலை தொடங்கும். முதலாண்டு இன்டர்ன் ஒருவர் ஒரே நேரத்தில் பத்து நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது இங்குள்ள பயிற்சி விதி. ஜி.எச். வார்டில் காலையில் ரத்தம் எடுக்கும்போதே அதைவிட அதிகம் பேரைப் பார்த்து முடித்திருப்போம். பத்துப் பேர்தானே என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒவ்வொருவருக்கும் இரவில் என்ன நடந்தது, எந்த மருந்தின் அளவைச் சிறுநீரகத்துக்கு ஏற்றபடி குறைக்க வேண்டும், வீட்டுக்குப் போக எத்தனை மாடிப்படி ஏற வேண்டும், இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் இருக்கிறதா, இல்லை அவர் வீடற்றோருக்கான ஷெல்டரில் தங்குபவரா என்பது வரை தெரிந்திருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் பார்த்து "இவரால் தனியாக நடக்க முடியும்" என்று எழுதாமல் சிலரை வீட்டுக்கே அனுப்ப முடியாது. ரவுண்ட்ஸில் ஃபார்மசிஸ்ட்டும் கூடவே வருவார். சோஷியல் வொர்க்கர் தினமும் வந்து "இவர் எப்போது, எங்கே போகிறார்?" என்று கேட்பார்.

நம் ஊரில் பேராசிரியர் முன்னால் கேஸ் சொல்லும்போது, நோயின் வரலாற்றையும் பரிசோதனையில் கண்டதையும் ஒன்று விடாமல் சொல்வதுதான் பெருமை. இங்கே அட்டெண்டிங் (எங்களுக்குப் பொறுப்பான மூத்த மருத்துவர்) அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சரி, நீ என்ன நினைக்கிறாய்? இன்றைக்கு இவருக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்பார். அவருடைய கருத்து என்னுடையதற்கு அப்புறம்தான் வரும். முதல் சில நாட்கள் எனக்கு அது அதட்டலாகவே கேட்டது. அவருக்கு உண்மையிலேயே என் யோசனை வேண்டும் என்று புரிந்தபின் ரவுண்ட்ஸ் பிடித்துப்போனது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு பெரியவரை அட்மிட் செய்யும்போதே, "உங்கள் இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிகிச்சை வேண்டுமா? மூச்சு விட முடியாமல் போனால் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கலாமா?" என்று அவரிடமே கேட்கிறோம். இதற்குக் கோடு ஸ்டேட்டஸ் என்று பெயர். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இந்தக் கேள்வியை எந்த நோயாளியிடமும் நான் கேட்டதில்லை, பிறர் கேட்டும் பார்த்ததில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சாவைப் பற்றி எப்படிப் பேசுவது?

இதய செயலிழப்போடு வந்த ஒரு முதியவர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கால் வீங்கி, இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாத நிலை. மற்றதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு இந்தக் கேள்விக்கு வந்தபோது என் குரல் தானாகத் தாழ்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே பையைத் திறந்து, பளிச்சென்ற இளஞ்சிவப்புத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நியூயார்க்கில் மோல்ஸ்ட் என்று சொல்லும் படிவம் அது. உயிர் காக்கும் சிகிச்சைகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை மருத்துவர் கையெழுத்தோடு பதிந்து வைப்பது. அவர் மனைவி ஐசியுவில் பல நாள் வென்டிலேட்டரில் இருந்து இறந்தவர். "என் முடிவு இதில் இருக்கிறது. நான் பேச முடியாமல் போனால் மகளைக் கூப்பிடுங்கள், மகனை வேண்டாம். அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் செய்யச் சொல்லிவிடுவான். மகளுக்கு நான் என்ன நினைக்கிறேன் என்று தெரியும்" என்றார். மகளைத்தான் ஹெல்த் கேர் ப்ராக்ஸியாக, அதாவது தன் சார்பில் முடிவெடுப்பவராக, எழுதி வைத்திருந்தார்.

நான் பயந்துகொண்டிருந்த பேச்சை அவர் எத்தனையோ நாள் யோசித்து முடித்திருந்தார். எல்லாரும் அப்படி இல்லை. கோபப்பட்டவர்கள் உண்டு, "நான் சாகப் போகிறேனா?" என்று பதறியவர்களும் உண்டு. அதனால் "அட்மிட் ஆகும் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி இது" என்று தொடங்கப் பழகிக்கொண்டேன். மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்று சிபிஆர் செய்யப்படுபவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான் பிழைத்து வீடு திரும்புகிறார்கள் என்பதையும், கேட்கிறவர்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். இந்தியாவிலும் உயிர் விருப்பப் பத்திரத்தை (லிவிங் வில், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது) 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கியது. நம் வார்டுகளிலும் இந்தப் பேச்சு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அடுத்தவர், சில்ஹெட்டிலிருந்து வந்து ப்ராங்க்ஸின் பார்க்செஸ்டர் பகுதியில் மகனோடு வாழும் ஒரு வங்காளதேசப் பாட்டி. மஞ்சள் காமாலை என்று வந்தார். சிடி ஸ்கேனில் கணையத்தில் கட்டி, கல்லீரலிலும் பரவியிருந்தது. மகன் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்க மாட்டார்" என்றார். அந்த நொடியில் நான் என் ஊரில் இருப்பதுபோல் இருந்தது. அங்கே இதே வார்த்தைகளை எத்தனையோ மகன்கள் சொல்லியிருக்கிறார்கள், நாங்களும் சரி என்று தலையாட்டியிருக்கிறோம். இங்கே சட்டப்படி நோயைப் பற்றி அறியும் உரிமை பாட்டியுடையது. ஆனால் மகனை உதறிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

அட்டெண்டிங்கிடம் சொன்னேன். அவர் மகனுடன் உட்கார்ந்து, "உங்கள் அம்மா மேல் எதையும் திணிக்க மாட்டேன். அவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று மட்டும் அவரிடமே கேட்கிறேன்" என்றார். பிறகு வீடியோ திரையில் வங்காள மொழிபெயர்ப்பாளரை அழைத்தோம். குடும்பத்தார் மொழிபெயர்த்தால் சொல்லும் செய்தியே மாறிவிடலாம் என்பதால், இப்படிப்பட்ட பேச்சுக்குப் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும். அவர் திரையில் இருந்தாலும் நாம் பாட்டியின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும், அதுவும் சின்னச் சின்ன வாக்கியங்களாக. "பரிசோதனை முடிவுகள் வந்திருக்கின்றன. சிலர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புவார்கள். சிலர் பிள்ளைகளிடம் சொல்லச் சொல்வார்கள். உங்களுக்கு எப்படி?"

பாட்டி கொஞ்ச நேரம் மகனையே பார்த்தார். "மருந்து, ஊசி விஷயமெல்லாம் இவனிடம் சொல்லுங்கள். ஆனால் நான் ஊருக்குப் போய் என் தங்கையைப் பார்க்க முடியுமா என்பதை என்னிடம் சொல்லுங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது என்றால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

அவருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது. மகன் அங்கேயே அழுதுவிட்டார். பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்து மஞ்சள் காமாலை குறைந்தபின், பயணத்துக்கு எது நல்ல நேரம் என்பதைப் பற்றித்தான் அதற்குப் பிறகு எல்லாரும் பேசினோம். நம் ஊர்க் குடும்பங்கள் பாசத்தால்தான் மறைக்கிறார்கள், அந்தப் பாசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?" என்று நோயாளியிடம் முதலில் கேட்டிருந்தால், என் பழைய வார்டிலும் எத்தனையோ பேர் தங்கள் கடைசி மாதங்களைத் தாங்களே தீர்மானித்திருப்பார்கள். அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

இரவுப் பணி பற்றியும் சொல்ல வேண்டும். ஜமைக்காவைச் சேர்ந்த மூத்த நர்ஸ் ஒருவர், நள்ளிரவு தாண்டி என்னை அழைத்து, "இவர் முகம் சரியில்லை, வந்து பாருங்கள்" என்றார். ரத்த அழுத்தம் அப்போது சரியாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு வேகம் கூடியிருந்தது, ஆள் குழம்பிப் பேசினார். லாக்டேட் என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம், உயர்ந்து வந்தது. செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை. விடிவதற்குள் ஐசியுவுக்கு மாற்றிவிட்டோம், பிழைத்தார். டாக்டர் வரும்வரை காத்திராமல் நர்ஸே ரேபிட் ரெஸ்பான்ஸ் குழுவை (நிலை மோசமாகும் நோயாளியைப் பார்க்க உடனே ஓடிவரும் அவசரக் குழு) அழைக்கலாம் என்பது இங்குள்ள முறை. "இதை ஏன் கொடுக்கிறீர்கள் டாக்டர்?" என்று நர்ஸ் கேட்டால், தயவுசெய்து நின்று பதில் சொல்லுங்கள்.

வேலை நேரம் பற்றி ஒரு வார்த்தை. நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2003 முதல் நாடு முழுவதும் உள்ள விதி. அதற்கு வேர் நியூயார்க்கில்தான். 1984-இல் லிபி சையான் என்ற 18 வயதுப் பெண் இங்கே ஒரு மருத்துவமனையில் இறந்தார். அவர் ஏற்கெனவே எடுத்துவந்த மருந்தோடு ஒத்துப்போகாத இன்னொரு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. பயிற்சி மருத்துவர்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்ற கேள்வி அவருடைய தந்தையின் போராட்டத்தால்தான் பொதுவெளிக்கு வந்தது, 1989-இல் இந்த மாநிலம் வரம்பு விதித்தது. விசாவை நினைத்துப் பயந்து, மணிக்கணக்கைக் குறைத்துப் பதிவு செய்கிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். அந்தப் பதிவு நோயாளிக்காக இருப்பது, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

வீடு தேடுவதை ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள். மாத வாடகையின் 40 மடங்கு ஆண்டு வருமானம் இருக்கிறதா என்று நியூயார்க்கில் பல வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். நமக்குக் கடன் வரலாறும் இருக்காது. ரெசிடென்சி ஒப்பந்தக் கடிதத்தின் நகலைக் கையோடு வைத்திருங்கள். மருத்துவமனையே ஊழியர்களுக்கு வீடு தருகிறதா என்றும், யார் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள் என்றும், பயிற்சி முடிக்கப்போகும் மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட்களிடம் கேளுங்கள். எனக்கு வீடு கிடைத்தது அப்படித்தான், கட்டிலும் மேசையும் அதிலேயே இருந்தன.