வியாபாரிய கடைசில வச்ச ஊர்ல சாம்சங் எப்படி வந்துச்சு?

கொளச்சல்_கருவாடு:
எங்களுக்கு கொளச்சல்ல கருவாடு மொத்த யாவாரம், நான் மூத்தவன், கடை எனக்குத்தான்னு அப்பா முடிவு பண்ணியாச்சு. தம்பி நாகர்கோவில்ல எம்பிஏ படிக்கான், கொரியா கம்பெனிங்க வளந்ததே பழைய சீன ஞானி கன்பூசியஸுக்க கொள்கையாலதான்னு கிளாஸ்ல சொன்னாங்களாம், அதையே வீட்லயும் ஓதிட்டு கெடக்கான். சாம்சங்கே 1938ல தேகு ஊர்ல கருவாடும் நூடுல்ஸும் வித்துதான் ஆரம்பிச்சுதுன்னு கேட்டதும் அப்பாவுக்கு ஒரே பெருமை. ஆனா அந்த கன்பூசியஸ் கொள்கைப்படி கொரியாவ ஆண்ட ஜோசன் ராஜாக்களுக்க காலத்துல படிச்சவன், விவசாயி, கைவேலக்காரன், கடைசிலதான் வியாபாரின்னு வரிசையாமே. அப்புறம் எப்படி?

தக்கலைக்காரன்:
வரிசை உள்ளதுதான். யாவாரம் பண்ணுன்னு கன்பூசியஸ் கொள்கை சொல்லல, வீட்ட எப்படி நடத்தணும், ஆம்பள வாரிசு எப்படி வரணும்னு சொல்லிச்சு, இவங்க அந்த வீட்டையே கம்பெனியாக்கிட்டாங்க. எல்ஜிய பாருங்க, சேர்மன் கூ பொன் மூவுக்க மகன் செத்துப்போனாரு, ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருந்தும் 2004ல தம்பி மகன தத்தெடுத்தாரு, 2018ல அந்த பையன்தான் சேர்மன். ஆனா சாம்சங்க ஆரம்பிச்ச லீ பியுங் சுல் கன்பூசியஸ் புக்க அவ்வளவு மதிச்சவரு, கம்பெனிய குடுத்தது மூத்தவனுக்கு இல்ல, மூணாவது மகனுக்கு.

ரப்பர்_ஷீட்:
எல்லா வலிக்கும் ஒரே தைலமா? கன்பூசியஸ் அங்க ஐநூறு வருசத்துக்கு மேல இருக்காரு, ஃபேக்டரி ஏன் 1960க்கு அப்புறம் முளைச்சுது? 1961ல ராணுவ ஜெனரல் பார்க் சுங் ஹீ ஆட்சிய பிடிச்சு பேங்க எல்லாம் கைக்குள்ள வச்சுகிட்டு, ஏற்றுமதி பண்ணி காட்டுனவனுக்குத்தான் சல்லிசா கடன் குடுத்தாரு. அதுக்கு முன்ன ஆசியா பின்தங்குனதுக்கும் இதே கன்பூசியஸத்தான் திட்டுனாங்க, 1997ல கொரியா கடனுக்காக ஐஎம்எஃப்ட்ட, அதான் நாடுகளுக்கு கடன் குடுக்க உலக அமைப்புகிட்ட, போய் நின்னப்பவும் அவருக்குத்தான் அடி.

வடசேரி_சந்தை:
ஹூண்டாய ஆரம்பிச்ச சுங் ஜூ யுங்க விட்டுட்டீங்களே. விவசாயி வீட்டு மூத்த மகன், நிலத்த பாக்க வேண்டியவரு, ஒரு தடவைக்கு மேல வீட்ட விட்டு ஓடுனவரு, அதுல ஒரு தடவ அப்பா மாடு வித்து வச்ச பைசாவையும் தூக்கிட்டு! ஊரு இப்ப வடகொரியாவுல. 1998ல எண்பது வயசு தாண்டி ரெண்டு தடவையா 1001 மாட்ட லாரில ஏத்தி எல்லை தாண்டி கொண்டுபோய் குடுத்தாரு, அந்த ஒண்ணு கடன், ஆயிரம் வட்டின்னு வச்சுக்கோங்க. அப்பா சொல் கேட்டிருந்தா ஹூண்டாயே இல்ல, ஆனா கேக்காதது கடைசி வரைக்கும் மனசுல கெடந்திருக்கு பாருங்க. அவரு மகனுவளே 2000த்துல நாற்காலிக்கு அடிச்சுகிட்டு குரூப்பு பிரிஞ்சது தனிக் கத.

கொளச்சல்_கருவாடு:
மாட்டுக் கதைய அப்பாட்ட சொன்னேன் அண்ணாச்சி. "ஆயிரம் மாட்ட எங்க கெட்டுவ மக்ளே, மொதல்ல வண்டியில உள்ள சரக்க எறக்கு"ன்னுட்டாரு.