அட்டவணையில் எல்லா வேலைக்கும் லிங்க் போட வேண்டுமா, தேதி மட்டும் போதுமா?

கோவை_பிளானர்
12 வீடுகள் கொண்ட மூன்று மாடி அடுக்ககத்துக்கு, அட்டவணை போடும் மென்பொருளான எம்எஸ் ப்ராஜெக்டில் 180 வரி அட்டவணை வைத்திருக்கிறோம். எனக்கு முன்பு இருந்தவர் எல்லா வரிக்கும் தேதியைக் கையாலேயே அடித்திருந்தார். எந்த வேலை முடிந்தால் எது தொடங்கும் என்ற லிங்க் ஒன்றுகூட இல்லை. போன மாத மழையில் இரண்டாம் மாடிக் கூரை கான்கிரீட் 6 நாள் தள்ளிப்போனது. அந்த ஒரு வரியை மாற்றினோம். கீழே இருந்தவை அசையவில்லை. பழைய தேதிப்படி சுவர் கட்டும் கொத்தனார் செட் 9 பேர் வந்து இறங்கிவிட்டார்கள். மேலே கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை, சுற்றிலும் அந்தப் பலகைக்குக் கொடுத்த முட்டு, செங்கல் அடுக்கக்கூட இடமில்லை. மூன்று நாள் கூலி கொடுத்து உட்கார வைத்தோம்.

இனி 180 வரிக்கும் லிங்க் போடப் போகிறேன். மேலாளர் வேண்டாம் என்கிறார். உங்கள் அனுபவம் என்ன?

நெல்லை_சைட்
உங்கள் மேலாளர் சொல்வதுதான் சரி, தம்பி. 22 வருடமாக சைட்டில் நிற்கிறேன். ஒரு வேலையில் நீங்கள் சொல்வதைப் போலவே எல்லாவற்றையும் கட்டி வைத்தோம். 400 லிங்குக்கு மேல் இருக்கும். பிளம்பர் நான்கு நாள் வரவில்லை என்று பதிந்தவுடன் சாவி கொடுக்கும் தேதி 19 நாள் தள்ளிப் போய்விட்டது. ஏன் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கோப்பை யாரும் திறக்கவில்லை.

தேடிப் பார்த்தபோது பாதி லிங்க் பொய். "முதல் மாடிப் பூச்சு முடிந்தால்தான் இரண்டாம் மாடிப் பூச்சு" என்று இருந்தது. எந்தப் பொறியியல் விதி அப்படிச் சொல்கிறது? அன்றைக்கு ஒரே பூச்சு செட்தான் இருந்தது, அவ்வளவுதான். இன்னொரு செட் வந்த பிறகும் அந்த லிங்கை யாரும் எடுக்கவில்லை. நான் இப்போது தேதிதான் போடுகிறேன். சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிந்ததும் மேஸ்திரிகளோடு உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பேசி மாற்றிவிடுகிறேன்.

கோவை_பிளானர்
சார், அது லிங்கின் குற்றம் இல்லை, பொய்யான லிங்கின் குற்றம். சுவர் வெட்டி கரண்ட் பைப் பதிக்காமல் பூச முடியாது. கூரை கான்கிரீட் இறுகாமல் முட்டு எடுக்க முடியாது. இவை ஆள் மாறினாலும் மாறாது. இதையெல்லாம் ஒரு மேஸ்திரியின் நினைவில் விட்டுவைப்பதா? அவர் லீவு போட்டால்?

தேதி அடிப்பதில் இன்னொரு சேதமும் உண்டு. தானாகக் கணக்கிடும் முறையில், லிங்க் இருக்கும் வேலைக்குத் தொடக்கத் தேதியைக் கையால் அடித்தால், எம்எஸ் ப்ராஜெக்ட் அதை "இதற்கு முன் தொடங்காதே" என்ற கட்டுப்பாடாக எடுத்துக்கொள்ளும். முன்வேலை தாமதமானால் தேதி பின்னால் போகும், ஆனால் சீக்கிரம் முடிந்தால் முன்னால் வராது. லிங்கே இல்லாத எங்கள் கோப்பிலும் அதே கதைதான். அஸ்திவாரம் நான்கு நாள் முன்னதாக முடிந்தது. அந்த நான்கு நாளும் அட்டவணையில் எங்கும் தெரியாமல் வீணானது.

சேலம்_ஸ்க்ரம்
மென்பொருள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் வேலைகளைப் பதிந்து பின்தொடரும் ஜிரா மென்பொருளில் ஒரு வேலை இன்னொன்றைத் தடுக்கிறது என்று லிங்க் போடலாம். அது வெறும் குறிப்புதான், அதனால் மட்டும் தேதி நகராது. நாங்கள் லிங்கைப் பெருக்குவதில்லை. வேலையைச் சிறிதாகப் பிரித்து, ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்கும் சார்பையே ஒழிக்கப் பார்க்கிறோம். நீங்களும் அப்படிச் செய்யலாமே?

கோவை_பிளானர்
நண்பரே, கூரையைப் பாதி பாதியாகப் பிரித்து மேலே குடியேற முடியாது. எந்த வேலைத் தொடர் தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று கணக்கிடும் கிரிட்டிகல் பாத் முறையே 1950களின் கடைசியில் டூபான்ட் நிறுவனத்தின் ஆலைக் கட்டுமானத்துக்காகவும் பராமரிப்புக்காகவும் உருவானது. ஒழிக்க முடியாத சார்புகள் இருந்ததால்தான் அதற்குத் தேவை வந்தது.

ஓய்வுபெற்ற_சிவில்
லேகைப் பற்றி, அதாவது ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும்வரை விட வேண்டிய காத்திருப்பு நாளைப் பற்றி, யாரும் பேசவில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456:2000 சொல்வது, தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டருக்கு மேல் தூரம் (ஸ்பான்) உள்ள கூரைக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும், அதற்குள் இருந்தால் 7 நாள். கான்கிரீட் வரிக்கும் முட்டுப் பிரிக்கும் வரிக்கும் நடுவே 14 நாள் லேக் போடுகிறீர்கள். எம்எஸ் ப்ராஜெக்ட் அதை வேலை நாளாக எண்ணும். ஞாயிறு விடுமுறை என்றால் நாள்காட்டியில் குறைந்தது 16 நாள் ஆகிவிடும். கான்கிரீட்டுக்கு ஏது ஞாயிறு? லேகில் வெறும் "டி" (d) போடாமல் "ஈடி" (ed) என்று அடியுங்கள். ஞாயிறும் கணக்கில் வரும். மூன்று கூரைக்கும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு வாரம் மிச்சமாகும்.

நெல்லை_சைட்
ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் லேகே வேண்டாம் என்பேன். லேக் போட்டால் அந்த நாட்களில் யாருக்கும் வேலை இல்லை என்று ஆகிவிடுகிறது. உண்மையில் என்ன நடக்கிறது? கூரையில் சிமென்ட் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, காலையும் மாலையும் ஒரு ஆள் போய்ப் பார்க்க வேண்டும். நம் வெயிலில் பாத்தி சீக்கிரம் வற்றிவிடும். நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது என்று அதே ஐஎஸ்தான் சொல்கிறது. அந்தப் 10 நாளுக்கு அட்டவணையில் ஒரு வரியும், வரிக்கு எதிரில் ஒரு ஆளின் பெயரும் இல்லை என்றால் தண்ணீர் நிற்காது. விரிசல் விட்ட பிறகு யாரைக் கேட்பீர்கள்?

கோவை_பிளானர்
இதை மறுக்க என்னிடம் பதில் இல்லை, சார். எங்கள் கோப்பிலும் இப்படித் தண்ணீர் நிறுத்தும் நீராற்றுதல் வேலை லேகாகத்தான் இருக்கப் போனது. ஏழு நாளும் ஓடும் காலண்டரோடு தனி வரியாக, வாட்ச்மேன் பெயரில் போடுகிறேன். மற்றதில் நான் இறங்கி வரவில்லை. கான்கிரீட், முட்டு, பைப், பூச்சு இதெல்லாம் லிங்காகத்தான் இருக்கும். செட் காரணமாகப் போடும் லிங்குக்கு மட்டும் பக்கத்துக் கட்டத்தில் "ஆள்" என்று எழுதி வைக்கிறேன். புது செட் வந்த அன்றே வடிகட்டி எடுத்துவிடலாம்.

நெல்லை_சைட்
அந்தக் கட்டத்தை யார் வாராவாரம் பார்ப்பது? நீங்கள் இருக்கும்வரை நடக்கும், தம்பி. எனக்கு இன்னும் சனிக்கிழமைக் கூட்டம்தான். ஆனால் முட்டு வரிக்கு லிங்க் போடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. அவசரப்பட்டு எடுத்த முட்டால் கூரை தொய்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கோவை_பிளானர்
அடுத்த சனிக்கிழமை மேஸ்திரிகள் கூட்டத்துக்கு அந்த "ஆள்" பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போகிறேன், சார். எத்தனை லிங்க் அங்கேயே அடிபடுகிறது என்று வந்து எழுதுகிறேன்.