ஆச்சி முறுக்கு புது அச்சை விட்டுக் கழலல, உதவி வேணும்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்கிறேன். தீபாவளிக்கு வாங்கின புது பித்தளை அச்சில் ஆச்சி முறுக்கு ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது. குச்சியால தள்ளினா இதழ் உடைஞ்சிடுது.

அளவு இதுதான்: அரிசி மாவு 500 கிராம், சீனி 250 கிராம், முட்டை 4, பாசாரில் பிழிஞ்ச கெட்டித் தேங்காய்ப்பால் 600 மில்லி, எள்ளு, உப்பு. வடிகட்டி அரை மணி நேரம் ஊற வச்சது. அரிசி மாவு அடியில தங்கிடும்னு ஒவ்வொரு தடவையும் கலக்கித்தான் முக்குறேன், அதுவும் அச்சின் முக்கால் உயரம் வரைதான். மேல்விளிம்பை மாவு மூடினா எந்த அச்சும் விடாது.

சூட்டையும் மாத்திப் பார்த்தாச்சு. அச்சு காயலைன்னா மாவு பிடிக்காம வழியுது. புகையிற அளவு காய்ஞ்சா மாவுச் சட்டியிலேயே கழண்டு விழுது. இதே மாவு அம்மாவோட பழைய அச்சில் லேசா உதறினதும் விழுது. அதனால மாவைச் சந்தேகப்படல, அச்சை இன்னும் பழக்கணும்னு நினைக்கிறேன்.

ஒரு ராத்திரி எண்ணெயில ஊற வச்சு, சிறு தீயில காய்ச்சியாச்சு, சவர்க்காரம் போடல. புது பித்தளைக்கு முதல்ல புளி தேய்க்கணுமா? இல்ல, எண்ணெயில காய்ச்சி ஆற வைக்கிறதைத் திரும்பத் திரும்பச் செய்யணுமா?

இன்னொண்ணு: டின்ல அடைச்சும் மறுநாளே நமத்துப்போகுது. சீனியை 200 கிராமா குறைச்சா மொறுமொறுப்பு நிக்குமா? செஞ்சு பார்த்தவங்க அளவோட சொல்லுங்க.